சரவிளக்கில் தொங்கிப் பாய எந்த விதிநூல்?

மெல்லிய வாள், இறகு செருகிய தொப்பி, மாடத்திலிருந்து குதிக்கும் வீராங்கனை, பிடிபடும் நேரத்தில் நழுவி ஓடும் வில்லன். இப்படி ஒரு வாள்வீச்சுச் சாகச ஆட்டத்தை மேசையில் நடத்த ஆசை வந்ததும் எழும் முதல் கேள்வி, எதை வைத்து நடத்துவது என்பதுதான். டேபிள்டாப் ஆர்பிஜிக்குள், அதாவது ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிப் பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டத்துக்குள், டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) வழியாக வந்தவர்கள் நம்மில் அதிகம். அதனால் "தெரிந்த விதியையே வைத்து ஓட்டிவிடலாமே" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். ஓட்டலாம். ஆனால் அதற்குக் கொடுக்க வேண்டிய விலை என்ன, மற்ற நூல்களில் அதே பணத்துக்கும் நேரத்துக்கும் என்ன கிடைக்கும் என்று பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

விதிநூல்களை ஒப்பிடும்போது பக்க எண்ணிக்கையையோ படங்களின் அழகையோ நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரே காட்சியை எல்லாவற்றிலும் ஓட்டிப் பார்ப்பேன். 1640களின் பாரிஸ், ஒரு பிரபுவின் மாளிகை, இரவு விருந்து. கூடத்தில் ஆறு காவலர்கள். படிக்கட்டில் காவல் தலைவன், கைதேர்ந்த வாள்காரன். கணப்பில் போட்ட ஒரு கடிதத்தின் ஓரம் கருகத் தொடங்கியிருக்கிறது. மேல்மாடத்தில் கமீல் என்ற வீராங்கனை, கைக்கு எட்டும் தூரத்தில் சரவிளக்கு. கீழே அவள் நண்பன் அர்மான் ஒற்றை ஆளாக மாட்டிக்கொண்டிருக்கிறான். கமீல் சரவிளக்கில் தொங்கி, காவலர்களை உதைத்துத் தள்ளி, படிக்கட்டில் இறங்கித் தலைவனோடு வாள் கோக்கப் போகிறாள்.

இங்கே இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். பாய்ந்தால் அவளுக்கு ஏதாவது லாபம் உண்டா? பாயும்போது ஏதாவது போய்விடும் என்ற பயம் உண்டா? லாபம் இல்லை என்றால் இரண்டாவது செஷனிலேயே (ஒரு தடவை கூடி ஆடுவது ஒரு செஷன்) எல்லோரும் நின்ற இடத்தில் நின்று குத்தத் தொடங்குவார்கள். பயம் இல்லை என்றால் எல்லோரும் பாய்வார்கள், ஆனால் யாருடைய நெஞ்சும் படபடக்காது. இந்த வகை ஆட்டத்துக்கு இரண்டும் சேர்ந்தே வேண்டும். நான் பார்த்தவரை பெரும்பாலான நூல்கள் ஒன்றைப் பிடித்து மற்றதைக் கோட்டை விடுகின்றன.

முதலில் டி அண்ட் டி. அதன் 5ஆம் பதிப்பில் இதற்கென்றே ஒரு துணைவகுப்பு இருக்கிறது. ரோக் (கள்வன்) என்ற பாத்திர வகுப்பின் ஸ்வாஷ்பக்ளர், 2015இல் ஸ்வோர்ட் கோஸ்ட் நூலில் வந்தது, 2017இல் ஸனாதர் நூலில் மறுபடி அச்சானது. ஒருவரைத் தாக்கிவிட்டு அவருடைய பதிலடி வாங்காமல் விலகிப் போகலாம், துணைக்கு ஆள் இல்லாமலே ஒற்றைக்கு ஒற்றை நின்று ஸ்னீக் அட்டாக் என்ற கூடுதல் காயம் தரும் தாக்குதலைப் போடலாம். நல்ல வடிவமைப்பு. ஆனால் குழுவில் ஒருவருக்கு மட்டும் சாகசம் தெரிந்து, மற்ற மூவர் கேடயச் சுவர் கட்டிக்கொண்டு நின்றால் அது நாம் கேட்ட ஆட்டம் ஆகாது.

நம் காட்சியை இதில் ஓட்டுவோம். பழக்கத்தில் பல ஜிஎம்கள் (ஆட்டத்தை நடத்துபவர்கள்) என்ன செய்வார்கள்? விளக்கைப் பிடிக்க ஒரு உருட்டு, படிக்கட்டில் தடுமாறாமல் இறங்க ஒரு உருட்டு, தாக்க ஒரு உருட்டு. ஒவ்வொன்றிலும் கமீலுக்கு 65 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், மூன்றும் கூடிவர 27 சதவீதம்தான். பேசாமல் படியிறங்கி வந்து குத்தியிருந்தால் அதே 65. விதி அவளிடம் சொல்வது தெளிவு: படியிறங்கி வா. புத்திசாலி ஆட்டக்காரர் அதைத்தான் செய்வார், அவரைக் குறை சொல்ல முடியாது.

அடுத்த சிக்கல் உயிர்ப்புள்ளி, அதாவது தீர்ந்தால் ஆள் வீழும் எண். காவல் தலைவனுக்கு 60 புள்ளி, கமீலின் ரேபியர் ஒரு குத்துக்குச் சராசரி 7.5 எடுக்கும் என்றால் எட்டுக் குத்து விழ வேண்டும். அதே 65 சதவீதத்தில் ஏறக்குறைய பன்னிரண்டு வீச்சு. அந்தப் பன்னிரண்டில் பதினொன்று வரை தலைவனிடம் எந்த மாற்றமும் இல்லை, எண் மட்டும் குறைந்துகொண்டே வரும். ஆயுதம் பறிபோவது, பின்வாங்குவது, சட்டை கிழிவது எதுவும் தானாக நடக்காது.

குழு வேறு எதையும் படிக்கத் தயாராக இல்லை என்றால் இதைச் சரிக்கட்டவும் முடியும். மொத்த சாகசத்துக்கும் ஒரே உருட்டு. அது தோற்றாலும் கமீல் போய்ச் சேருவாள், தாக்குவாள், கூடுதல் பலன் மட்டும் கிடைக்காது. ஜெயித்தால் தாக்குதலுக்கு அட்வான்டேஜ், அதாவது இரண்டு தடவை உருட்டிப் பெரியதை வைத்துக்கொள்ளலாம். காவலர்களுக்கு ஆளுக்கு ஒரே உயிர்ப்புள்ளி, 2008இல் வந்த 4ஆம் பதிப்பில் மினியன்களுக்கு (ஒரே அடியில் விழும் அடியாட்களுக்கு) இருந்ததுபோல. கவசம் போட்டுக்கொண்டு விருந்துக்குள் நுழைய முடியாது என்று கதையே தடுத்துவிடும். இவ்வளவும் செய்தால் ஒரு மாலைப் பொழுதுக்குத் தாராளமாகப் போதும். நீண்ட கேம்பெயினுக்கு (பல செஷன் தொடரும் கதைக்கு) நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் லெவல் ஏற ஏற உயிர்ப்புள்ளிக் கணக்கு மறுபடி எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

சேவேஜ் வேர்ல்ட்ஸ் 2003இல் ஷேன் லேஸி ஹென்ஸ்லி உருவாக்கியது. இப்போது புழக்கத்தில் இருப்பது அதன் அட்வென்ச்சர் பதிப்பு. திறமைக்கு ஒரு பகடை, நாயகர்களுக்குக் கூடவே ஆறு முகமுள்ள வைல்ட் பகடை, இரண்டில் பெரியது 4ஐத் தொட்டால் வெற்றி. உச்ச எண் விழுந்தால் மறுபடி உருட்டிக் கூட்டிக்கொண்டே போகலாம். அந்த வெடிப்பு ஒரு தடவை நிகழ்ந்தால் போதும், மேசையே எழுந்து நின்றுவிடும். யார் முதலில் செயல்படுவது என்பதைச் சீட்டுக்கட்டு முடிவு செய்கிறது. ஜோக்கர் வந்தவருக்கு அந்தச் சுற்றில் எல்லாவற்றிலும் +2, கூடவே ஆட்டக்காரர்கள் அனைவருக்கும் ஆளுக்கு ஒரு பென்னி. பென்னி என்பது தோற்ற உருட்டை மறுபடி உருட்ட உதவும் வில்லை. செஷன் தொடக்கத்தில் ஆளுக்கு மூன்று, துணிச்சலாக ஆடினால் ஜிஎம் மேலும் தருவார்.

ஆறு காவலர்களும் இங்கே எக்ஸ்ட்ரா. ஒரு காயம் பட்டாலே ஆள் காலி. கூட்டத்தோடு சண்டை என்றால் இதை அடிக்க வேறு நூல் கிடையாது. சரவிளக்கு விஷயத்தில் மட்டும் கணக்கு சுவாரசியமானது. ஒரே சுற்றில் இரண்டு செயல் செய்தால் இரண்டுக்கும் −2. பாய்ச்சலை ஒரு டெஸ்ட் ஆக, அதாவது எதிராளியைத் தடுமாற வைக்கும் முயற்சியாக, பயன்படுத்தி ஜெயித்தால் எதிராளி வல்னரபிள் ஆவான், அவனைத் தாக்குபவர்களுக்கு +2. ஆக, கமீலுக்கு −2ம் +2ம் கழிந்து சமம். ஆனால் அந்த +2 அவளோடு முடிந்துவிடாது. எதிராளியின் அடுத்த வாய்ப்பு முடியும்வரை அர்மானுக்கும் கிடைக்கும். தனி ஆளின் வித்தைக்கு லாபம் குறைவு, கூட்டாளிக்காகச் செய்யும் வித்தைக்கு லாபம் உண்டு. இதைத் தெரிந்துகொண்டு ஆடும் குழுவுக்கு இது அருமையான நூல்.

பலவீனம் இருவர் மோதும் துவந்த யுத்தத்தில் தெரியும். சண்டைத் திறமை எட்டு முகப் பகடை உள்ள கமீல், பாரி (அவனைத் தொட எட்ட வேண்டிய எண்) 6 உள்ள தலைவனைத் தொட 48 சதவீத வாய்ப்பு. ரேபியருக்குப் பாரியில் +1 உண்டு என்பதால் நல்ல வாள்காரர்கள் எளிதாக 7, 8க்குப் போய்விடுவார்கள். அப்புறம் இருவரும் மாறி மாறித் தவறவிடுவதும், தொட்டாலும் டஃப்னஸ் என்ற தாங்குதிறன் எண்ணைத் தாண்டாமல் போவதும் சலிப்பூட்டும். டெஸ்ட், சூழல், பென்னி எல்லாவற்றையும் ஆட்டக்காரர்களே தேடிப் பிடித்துப் பயன்படுத்த வேண்டும். விதி தானாகக் கையைப் பிடித்து அழைத்துப் போகாது.

இனி இந்த வகைக்கென்றே எழுதப்பட்டவை. செவன்த் சீ 1999இல் வந்தது. ஜான் விக், ஜெனிஃபர் விக் இருவரும் முதன்மை ஆசிரியர்கள், வெளியிட்டது ஏஇஜி நிறுவனம். தேயா என்ற கற்பனைக் கண்டத்தில் பிரான்சை நினைவூட்டும் மோன்டேன், ஸ்பெயினை நினைவூட்டும் கஸ்டில், இத்தாலியின் நிழலாக வொடாச்சே, ஜெர்மனியின் நிழலாக ஐசன் என்று நாடுகள். ஒவ்வொரு நாட்டுக்கும் தனி வாள்பள்ளி, தனி மாந்திரீகம். வரலாறு படிக்கப் பொறுமை இல்லாத குழுவையும் அரை மணியில் உள்ளே இழுத்துவிடும் உலகம் இது. எந்த விதியை வைத்து ஆடினாலும் இந்த உலகத்தை மட்டும் கடன் வாங்கலாம் என்று தயங்காமல் சொல்வேன்.

முதல் பதிப்பின் விதியில் எனக்கு ஒரு பெரிய மனக்குறை உண்டு. பத்து முகப் பகடைகள் பலவற்றை உருட்டி, சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு கூட்டுவார்கள். கூடுதலாக ஏதாவது சாதிக்க வேண்டுமென்றால் நீங்களே இலக்கை 5, 5 ஆக ஏற்றிக்கொள்ள வேண்டும். துணிச்சலுக்கு வட்டி கட்டச் சொல்கிறது விதி. கைகொடுக்க ட்ராமா பகடைகள் இருக்கின்றன, ஆனால் செலவழிக்காமல் மிச்சம் வைத்தால் அவை அனுபவப் புள்ளியாக மாறும். அப்புறம் யார் செலவழிப்பார்கள்? வீரத்துக்காகக் கொடுத்ததை எல்லோரும் சேமிப்புக் கணக்கில் போட்டுவிடுவார்கள். வாள்பள்ளிகளின் நுணுக்கத்தை ஆண்டுக்கணக்கில் அனுபவிக்க விரும்பும் குழு மட்டும் இதைத் தேடிப் போகலாம்.

2016இல் வந்த இரண்டாம் பதிப்பு முற்றிலும் வேறு ஆட்டம். அதன் கிக்ஸ்டார்ட்டர் 13 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. 2019இல் பொறுப்பு கேயோசியம் நிறுவனத்துக்குப் போனது. இதை ஒருமுறையாவது ஆடிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் முதல் கேள்விக்கு, அதாவது லாபம் உண்டா என்பதற்கு, இவ்வளவு தாராளமாகப் பதில் சொல்லும் வேறு விதி எனக்குத் தெரியாது.

உருட்டும் முன்பே ஆட்டக்காரர் தன் அணுகுமுறையைச் சொல்கிறார். கமீல் சரவிளக்கு என்கிறாள். அவளுடைய ஃபினெஸ் பண்பு 3, அத்லெடிக்ஸ் திறமை 2, ஆக ஐந்து பகடை. இந்தக் காட்சியில் அந்தத் திறமையை முதல் தடவை பயன்படுத்துவதால் ஒன்று கூடுதல், அழகாக விவரித்ததற்கு இன்னொன்று. ஏழு பகடை உருட்டுகிறாள்: 8, 2, 6, 5, 3, 9, 1. குறைந்தது பத்து வரும்படி சேர்க்க வேண்டும், அப்படி ஒவ்வொரு சேர்க்கையும் ஒரு ரைஸ். 8ம் 2ம் ஒரு ரைஸ், 9ம் 1ம் இன்னொன்று, 6ம் 5ம் மூன்றாவது. ஒட்டாமல் நின்ற அந்த 3ஐ ஜிஎம் விலைக்கு வாங்கலாம். வாங்கினால் கமீலுக்கு ஒரு ஹீரோ பாயின்ட், ஜிஎம்முக்கு நாயகர்களுக்குத் தொல்லை தர ஒரு டேஞ்சர் பாயின்ட்.

பாய்ச்சல் வெற்றியா தோல்வியா என்ற கேள்வியே இங்கே எழாது. கையில் மூன்று ரைஸ் இருக்கின்றன, எதற்குச் செலவழிப்பது என்பதுதான் கேள்வி. படிக்கட்டில் இறங்க ஒன்று. கண்ணாடிச் சில்லு குத்தாமல் தப்பிக்க ஒன்று. கடிதம் எரியாமல் காக்க ஒன்று. காவலர் கூட்டத்தின் வலிமை 6. ஒரு ரைஸுக்கு ஒருவன் விழுவான், மிச்சம் நிற்பவர்கள் சுற்றின் முடிவில் அத்தனை காயம் தருவார்கள். எல்லாவற்றையும் செய்ய மூன்று போதாது. கடிதமா, அர்மானா? அந்த இடத்தில் மேசை அமைதியாகிவிடும், அதற்காகவே இந்த விதியை மன்னிக்கலாம். ஹீரோ பாயின்டைத் தனக்காகச் செலவழித்தால் ஒரு பகடை, நண்பனுக்காகச் செலவழித்தால் அவனுக்கு மூன்று. காயம்கூட உதவிக்கு வருகிறது. முதல் ட்ராமாடிக் காயம் (பெரிய காயம்) பட்டதும் எல்லா உருட்டுக்கும் ஒரு பகடை கூடும், மூன்றாவதில் பத்து விழுந்தால் வெடிக்கும். நான்காவதில்தான் ஆள் கையறு நிலைக்கு வருவார்.

சரி, இரண்டாவது கேள்வி? அங்கேதான் சறுக்குகிறது. ஒரே ஒரு ரைஸ் இருந்தாலே நினைத்தது நடந்துவிடும். கையறு நிலையில் கிடக்கும் நாயகரை ஒரு வில்லன் மெனக்கெட்டுக் கொல்ல முயன்றால் ஒழிய மரணம் இல்லை. முதல் சில செஷனில் இது விடுதலை, பத்தாவது செஷனில் பயம் முற்றிலும் வற்றிவிடும். இன்னொரு குறை சமநிலை. வாள்பள்ளியில் பயின்ற டூயலிஸ்ட் ஒரு ரைஸில் தன் ஆயுதத் திறமைக்கு இணையான காயத்தைக் கொடுக்க, மற்றவர்கள் ஒரு ரைஸுக்கு ஒரு காயம்தான் கொடுப்பார்கள். சிறப்புத் தகுதிகளை வாங்கத் தொடக்கத்தில் கிடைக்கும் ஐந்து அட்வான்டேஜ் புள்ளியையும் அந்தப் பள்ளியே தின்றுவிடும் என்பது உண்மை, ஆனாலும் சண்டை என்று வந்தால் பள்ளி படிக்காதவர் பார்வையாளர். ஜிஎம்முக்கும் ஓய்வில்லை. ஒவ்வொரு காட்சிக்கும் என்னென்ன ஆபத்து, என்னென்ன வாய்ப்பு என்று உடனுக்குடன் கற்பனை செய்துகொண்டே இருக்க வேண்டும். களைப்பாக இருக்கும் வார நாள் இரவில் நடத்த இது ஏற்றதல்ல.

என் மனம் போய் நிற்பது ஆனர் + இன்ட்ரீக் நூலில். 2012இல் கிறிஸ் ரட்கவ்ஸ்கி எழுதியது. சைமன் வாஷ்போர்னின் பார்பேரியன்ஸ் ஆஃப் லெமூரியா விதியை 17ஆம் நூற்றாண்டு வாள்சண்டைக்கு ஏற்ப வளர்த்தெடுத்தார். வீட்டில் கிடக்கும் ஆறு முகப் பகடைகள் போதும். இரண்டை உருட்டி, பொருத்தமான பண்பைக் கூட்டி, 9 அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி. திறமைப் பட்டியலுக்குப் பதில் பழைய தொழில்கள்: கமீல் ஒரு காலத்தில் நாடக நடிகை, அப்புறம் சூதாடி, இப்போது வாள்காரி என்று எழுதினால் அதுவே அவள் என்னென்ன அறிவாள் என்பதைச் சொல்லிவிடும்.

இதன் உயிர்நாடி அட்வான்டேஜ் என்ற சின்ன எண். டி அண்ட் டியில் இருப்பதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சண்டை தொடங்கும்போது ஆளுக்கு மூன்று. தலைவனின் வாள் கமீலின் தோளைத் தொட வருகிறது, அடி விழுந்தாகிவிட்டது. ரத்தம் சிந்த விருப்பமில்லை என்றால் அவள் ஒரு அட்வான்டேஜை விட்டுக்கொடுத்துப் பின்வாங்கலாம். மூன்று இரண்டாகிறது, அவள் இரண்டு படி மேலே ஏறியிருக்கிறாள். அடுத்த குத்து, இரண்டு ஒன்றாகிறது, முதுகு மாடத்தின் கைப்பிடியில் இடிக்கிறது. அவளுக்கு இன்னும் ஒரு கீறல்கூட இல்லை, ஆனால் மேசையில் எல்லோருக்கும் தெரியும், இன்னொரு தடவை பின்வாங்க இடமில்லை. மூன்றும் தீர்ந்துவிட்டால் சண்டை கைவிட்டுப் போனது மாதிரிதான். உயிர்ப்புள்ளி குறைவதைவிட இது எவ்வளவு தெளிவாக ஒரு துவந்தத்தைக் காட்டுகிறது பாருங்கள். ஒவ்வொரு எண்ணும் குறையும்போது இருவரும் வேறு இடத்தில் நிற்கிறார்கள். பாசாங்குக் குத்து, வாளைப் பூட்டுதல், பறித்தல், பாய்ந்து குத்துதல், எதிர்க்குத்து என்று தனித்தனி உத்திகள் உண்டு. வாள்பாணியைக் கற்றவருக்கு அவற்றில் சிலவற்றில் கை ஓங்கும்.

சரவிளக்குக் கணக்கு இங்கேயும் ஜிஎம் கையில்தான், ஆனால் சரியாகச் செய்தால் அழகாக வருகிறது. ஒரு சுற்றில் பெரிய செயல் ஒன்று, சின்ன செயல் ஒன்று. பாய்ச்சலைச் சின்ன செயலாக வைக்கலாம். கமீலுக்குப் பாயவும் தாக்கவும் +2 என்று கொள்வோம், இரண்டிலும் வெற்றி வாய்ப்பு 58 சதவீதம். பாய்ச்சல் ஜெயித்தால் தாக்குதலுக்கு ஒரு போனஸ் பகடை, அதாவது மூன்றை உருட்டிப் பெரிய இரண்டைக் கூட்டுவது. வாய்ப்பு 80ஐத் தாண்டும். பாய்ச்சல் தோற்றால் தாக்குதலும் போச்சு என்று தீர்ப்பளித்தால் மொத்த வாய்ப்பு 47, சும்மா நடந்து வருவதைவிட மோசம். தோற்றாலும் தாக்கலாம், போனஸ் மட்டும் இல்லை என்று தீர்ப்பளித்தால் 71. ஒரே வரி வித்தியாசம்தான், ஆனால் கேம்பெயின் முழுக்க யார் பாய்வார்கள் என்பதை அந்த ஒரு வரி தீர்மானிக்கிறது. எந்த நூலை எடுத்தாலும் இந்தத் தீர்ப்பை முதல் நாளே ஆட்டக்காரர்களிடம் சொல்லிவிடுங்கள்.

பயம் இங்கே மிச்சம் இருக்கிறது. அட்வான்டேஜ் தீரும், காயம் பட்டால் வலிக்கும், உண்மை வரலாற்றில் ஆடினால் சட்டமும் துரத்தும். பிரான்சில் 1626இல் துவந்த யுத்தத்துக்கு எதிராகக் கடுமையான அரசாணை வந்தது. அதை மதிக்காமல் மறு ஆண்டே பாரிஸின் பிளாஸ் ரொயாலில் பட்டப்பகலில் வாள் சுழற்றிய மோன்மொரான்சி-பூத்வில் என்ற பெருங்குடிப் பிரபுவின் தலை அதே 1627இல் வெட்டப்பட்டது. இப்போது பிளாஸ் தே வோஜ் என்று அழைக்கப்படும் அதே சதுக்கம்தான். ஆக கமீல் தலைவனைக் கொன்று ஜெயித்தாலும் விடியும்போது பாரிஸை விட்டு ஓட வேண்டியிருக்கும். கொல்லாமல் ஜெயிப்பது, வாளைப் பறித்து மண்டியிட வைப்பது, இவற்றுக்கு ஒரு மதிப்பு தானாக வந்துவிடுகிறது. அடுத்த செஷனுக்குக் கதை தேட வேண்டியதில்லை.

குறை இல்லாமல் இல்லை. உத்திகளின் பட்டியல் முதலில் மிரட்டும். ஒவ்வொருவரும் மூன்று உத்திகளை மட்டும் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு தொடங்கச் சொல்லுங்கள், மற்றவை போகப் போகப் பிடிபடும். நூலின் தோற்றமும் செவன்த் சீ அளவுக்குப் பகட்டானது கிடையாது, மேசையில் வைத்தவுடன் ஆள் மயங்கும் ரகம் அல்ல.

இந்த வரிசையில் இரண்டு மூத்தவர்களையும் சொல்லியாக வேண்டும். 1975இல் ஜிடிடபிள்யூ நிறுவனம் வெளியிட்ட "என் கார்ட்" (En Garde!) என்ற ஆட்டம் வாள்சண்டை விதியாகத் தொடங்கி, சமூக அந்தஸ்தில் மேலே ஏறும் போட்டியாக வளர்ந்தது. எந்த வாரம் மன்றத்துக்குப் போவது, எந்த வாரம் சூதாடுவது என்று ஒவ்வொரு மாதத்துக்கும் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். 1984இல் மார்க் பெட்டிக்ரூ எழுதிய ஃபிளாஷிங் பிளேட்ஸ் 17ஆம் நூற்றாண்டு பிரான்சை நேரடியாக எடுத்துக்கொண்டது. இன்று முதல் நூலாக இவற்றை எடுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் வாள் உறைக்குள் இருக்கும் நேரத்தில் நாயகர்கள் எதற்காக அலைகிறார்கள், பதவிக்கா, காதலுக்கா, கடனுக்கா என்ற கேள்வியை இவ்விரண்டும் நன்றாகக் கற்றுக்கொடுக்கும். அந்தப் பகுதியை எந்த ஆட்டத்திலும் சேர்க்கலாம்.

குழுவின் அளவும் முடிவை மாற்றும். துவந்தம் என்பது ஒருவரின் காட்சி, மற்ற நால்வர் போனைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். செவன்த் சீ இரண்டாம் பதிப்பில் இந்தச் சிக்கல் குறைவு, ஏனென்றால் ரைஸ் மிச்சம் உள்ளவர்களுக்கு மாறி மாறி வாய்ப்பு வரும், ஒருவர் வாள் சுழற்றும்போதே இன்னொருவர் கதவைத் தாழிடுவார். சேவேஜ் வேர்ல்ட்ஸில் சீட்டுக்கட்டு எல்லோரையும் விழிப்பாக வைத்திருக்கும். ஆனர் + இன்ட்ரீக்கில் ஜிஎம்தான் கவனிக்க வேண்டும். யாராவது ஒரு அட்வான்டேஜ் இழந்த கணத்தில் காட்சியை நிறுத்தி, "சரி, அர்மான், கீழே நீ என்ன பண்றே?" என்று திரும்பிவிடுங்கள். நாலு பேர் வரை இது நன்றாக ஓடும். அதற்கு மேல் ஆள் இருந்தால் நான் செவன்த் சீக்குப் போவேன்.

மொழியையும் யோசிக்க வேண்டும். நான் பேசிய எல்லா நூல்களும் ஆங்கிலத்தில் உள்ளவை, மேசையில் நாம் பேசுவது தமிழ். நல்ல விவரிப்புக்குப் பகடை தரும் விதியில் ஆட்டக்காரர் சரளமாகப் பேசியாக வேண்டும். ஆங்கிலத்தில் தயங்குபவர் தமிழில் வெளுத்து வாங்குவார். விவரிப்பு தமிழிலேயே இருக்கட்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டால், கூச்சக்காரர்களுக்கும் அந்தக் கூடுதல் பகடை போய்ச் சேரும். எண்கள் குறைவாக உள்ள நூல் இந்த விஷயத்தில் நிம்மதி, அந்த வகையிலும் ஆனர் + இன்ட்ரீக்குக்கு ஒரு மதிப்பெண்.

ஆக என் தேர்வு இப்படிப் போகும். மூன்று நான்கு பேர், பாரிஸோ வெனிஸோ களம், ஆறு மாதம் ஓடப்போகும் கேம்பெயின் என்றால் ஆனர் + இன்ட்ரீக். ஐந்தாறு பேர், ஐந்து செஷனுக்குள் ஒரு முழுக்கதை, விவரிப்பதில் ஆர்வமுள்ள குழு என்றால் செவன்த் சீ இரண்டாம் பதிப்பு. ஆனால் கப்பல், பீரங்கி, இருபது மாலுமிகள் மோதும் தளச்சண்டை என்று கடலே கதையாக இருந்தால் இரண்டையும் விட்டுவிட்டு சேவேஜ் வேர்ல்ட்ஸை எடுப்பேன். கூட்டச் சண்டையை மூச்சு வாங்காமல் நடத்தும் விதி அதுதான். கடற்கொள்ளையர்களுக்கென்றே எழுதப்பட்ட ஃபிஃப்டி ஃபாதம்ஸ் என்ற களநூலும் அதற்கு உண்டு, தயாரிப்பு வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.